களி ஒட்டிய விரல்கள்

உதவித்தொகை விண்ணப்பங்களைச் செல்போனிலேயே மளமளவென்று போட்டுக் கொடுப்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஓசூர் பக்கம் தளியில், விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொள்ள கம்பெனி வேலையை விட்டிருந்தார் லட்சுமி அக்கா. பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணா, நீங்களே சாப்பிட்டுக்குவீங்களா?”

“சாப்டுக்குவேன்” என்றார், சுவரைப் பார்த்தபடி. அக்கா களி ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். நான் ‘ஆம்’ என்று பதிந்தேன்.

தானே சாப்பிடுகிறவருக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது என்று விண்ணப்பம் தள்ளுபடியானது.

“நீங்கதான் ஊட்டி விடறீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?”

“அவரு முன்னாடி அதை எப்படி கண்ணு சொல்றது?”

அக்கா மறுபடியும் ஓசூர் கம்பெனிக்குப் போகிறார். ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை மதியக் களி அண்ணன் தலைமாட்டில் அப்படியே இருக்கிறது. திரும்ப விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அன்று அக்காவைத் தனியே அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும், அவ்வளவுதான்.