முப்பத்தோராவது சிடி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் நூலகத்தில் பட்டியல் போடுகிறவள். இல்லாததை இருப்பதாக எழுதினால் என் வேலை போய்விடும். அதனால் நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதுகிறேன். நடுராத்திரி, சுடுகாடு எதுவும் இதில் கிடையாது. 2009 ஜனவரி 22, வியாழக்கிழமை, பட்டப்பகல். நாரின் என்ற எங்கள் மலை ஊரின் நூலக நிலவறை.

அந்த வாரம் எனக்கு மனசே சரியில்லை. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன தம்பி திலேக், ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவன், போன வாரச் செவ்வாய் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியதோடு சரி. ஒன்பது நாளாகப் பேச்சு மூச்சில்லை. நிலவறையில் சிக்னலும் கிடைக்காது. அரைமணிக்கு ஒருமுறை மாடிப்படி ஏறிப் போனைப் பார்த்துவிட்டு இறங்குவேன்.

பழைய பாட்டுகளைப் படம் பிடித்துச் சேர்த்த ஓர் ஆசிரியர் இறந்தபின், அவர் குடும்பம் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தது. விசிடியும் டிவிடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓட்டினால்தான் தெரியும். எந்த வகை, எத்தனை நிமிடம், யார் பாடுகிறார், யாருக்காக... எல்லாம் பட்டியல் அட்டையில் ஏற வேண்டும்.

குடும்பம் தந்த பட்டியலில் 30. பெட்டியில் 31.

"ஒரு சிடிக்கு ஒரு மணி நேரமா, எல்னூரா? கல்யாண வீடியோ பாக்குறியா கீழ?" என்று 12.30-க்கு சல்தனாத் அக்கா படியில் நின்று கத்தினார். அவர்தான் எங்கள் பிரிவுத் தலைவி. வாய் அதிகம்.

"கல்யாணம் எங்கக்கா, எல்லாம் சாவுப் பாட்டு!" என்றேன்.

உண்மைதான். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். ஊருக்கே தெரிந்திருக்கும், சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது. பெரியவர்கள் சேர்ந்து வந்து, உட்காரவைத்து, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதைப் பாட்டாகவே பாடினார்கள். பெட்டி முழுக்க அந்தப் பாட்டுகள்தான்.

1.50. சல்தனாத் அக்கா தேநீரோடு இறங்கி வந்தார். இரண்டு சர்க்கரைக் கட்டி. பதினோரு வருடத்தில் யாருக்கும் அவர் தேநீர் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. "மெதுவா பண்ணும்மா, அவசரமில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2.10. 31-வது சிடி. மேலே பெயரில்லை. விசிடி என்று கருவி காட்டியது. கம்பளித் தொப்பி போட்ட கிழவர், மடியில் மூன்று தந்தி வாத்தியம். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. எதிரே விரித்த மெத்தை. அதில் யாரும் இல்லை. செய்தி கேட்க ஆளில்லாமல் ஏன் பாடுகிறார்?

11 நிமிடம் 40 நொடி. 'யாருக்காக' என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

நேரத்தை இரண்டு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். மறுபடி ஓட்டினேன்.

14 நிமிடம் 5 நொடி.

கருவிக் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை கிழவர் மெத்தையைப் பார்த்துப் பாடவில்லை. பாதி என் பக்கம் திரும்பியிருந்தார்...

2.41. மேலே காலடிச் சத்தம். நிறையப் பேர். பிறகு யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

எண் ஒத்துவராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எழுந்துபோய் மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினேன்.

கிழவர் நேராக என்னைப் பார்த்தார்.

"உட்காரு, மகளே."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

உட்கார்ந்தேன்...

ஒன்பது நாளாகப் பனியில் ஒரு குதிரை நிற்கிறது, ஏறிப் போனவன் எங்கே என்று பாடினார்.

ஒன்பது நாள்.

14.05 தாண்டியது. 16... 17...

திரை கறுத்தது. அட்டையைப் பார்த்தேன். 'யாருக்காக' என்ற இடத்தில் திலேக். என் கையெழுத்து.

3.06. கதவு திறந்தது. சல்தனாத் அக்கா. பின்னால் என் பெரியப்பா, இன்னும் இரண்டு பெரியவர்கள்.

"உட்காரும்மா" என்றார் பெரியப்பா.

நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். கன்னமெல்லாம் ஈரம்.

"யாரு சொன்னா உனக்கு?" பெரியப்பா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க இன்னும் வாயே தொறக்கலியே!"

ஜனவரி 13-ஆம் தேதி தம்பி சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான். 22-ஆம் தேதி மதியம் ஒரு மணிக்குத்தான் ஊருக்குத் தகவல் வந்ததாம்.

வசந்தத்தில்தான் அந்த சிடியை மறுபடி தொட்டேன். விசிடி எழுதும் காலி சிடியில், எழுதிய இடம் மட்டும் உள்வட்டத்திலிருந்து நிறம் மாறித் தெரியும். சல்தனாத் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடி சாய்த்தார்.

"இதுல ஒண்ணுமே எழுதலியேடி. புத்தம் புது சிடி."

கருவியும் 'காலி' என்றே காட்டியது. அட்டையைக் கிழித்து எறிய மனம் வரவில்லை. இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதினாறு வருடம் திறக்கவில்லை.

இன்று இருப்புக் கணக்கெடுப்பு. காலை 10.20-க்குத் திறந்தேன். வெளிச்சத்தில் சாய்த்தேன்.

உள்விளிம்பில் ஒரு வளையம். மெல்லியது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்.

ஓட்டவில்லை. ஓட்டமாட்டேன்.

என் மகன் பெக்தூர் செப்டம்பரில் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனான். மாமனைப் போலவே ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். நேற்று ஞாயிறு. கூப்பிடவில்லை. மறந்திருப்பான், பிள்ளைகள் அப்படித்தான் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் பக்கத்து மேஜைப் பெண் வந்துபோனாள். நான் கேட்காமலேயே தேநீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இரண்டு சர்க்கரைக் கட்டி...