கையில் இருந்த மண்ணாங்கட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதக் கடைசி. திருப்பனந்தாள் பக்கத்தில் எங்கள் ஊர். தாளடி அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாக நின்ற சமயம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் கணக்கில் தப்புச் செய்தால் லேசில் விட மாட்டேன். ஆனால் நான் ஐந்து மாதமாகச் செய்துகொண்டிருந்த தப்பைக் கண்டுபிடித்தது, ஆட்டுக்கிடை போட வந்த ஒரு பெண்மணி.

தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்த என் மகள், தெருவில் காலில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் நாயைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தாள். வேலை கிடைத்து ஓசூருக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். நிறத்தைப் பார்த்து அவள் வைத்த பெயர் வெல்லம். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குடையை விரித்தால் கொல்லைக்கு ஓடிவிடும்.

நடக்கக் கூட்டிப்போவது என் வேலை. எங்கள் தெருவில் பாதி வீட்டு நாய்கள் அவிழ்த்துவிட்டே கிடக்கும். எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வரும். வெல்லம் என் வேட்டிக்குள் புகுந்துகொள்வாள். சொந்தக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, "ஒண்ணும் பண்ணாது சார், சும்மா வெளையாடும்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு நான் வைத்திருந்த மருந்து நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல் எடுப்பது போல் குனிவது. கல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, குனிந்தாலே எந்த நாயும் ஓடிவிடும். நிமிர்ந்து பார்த்தால் வெல்லம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருப்பாள். "நான் இருக்கேன்ல, ஏன் பயப்படுற?" என்று தட்டிக்கொடுப்பேன்.

தெருவே வேண்டாம் என்று வாய்க்கால் கரைப் பக்கம் போக ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் கரையை ஒட்டிய வயலில் கிடை போட்டிருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து, எருவுக்காக ராத்திரியில் வயலில் அடைத்து வைப்பார்கள். ஆடு இருந்தால் காவலுக்கு நாயும் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரிய கறுப்பு நாய் ஒன்று குரைத்துக்கொண்டே ஓடி வந்தது.

குனிந்தேன். அது மசியவில்லை. இந்த முறை நிஜமாகவே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துக் கையை ஓங்கினேன். நாய் நின்றுவிட்டது. ஆனால் இன்னொரு கையில் இருந்த சங்கிலி லேசாகிவிட்டது. பார்த்தால், வெறும் கழுத்துப்பட்டை தொங்குகிறது. வெல்லம் தலையை உருவிக்கொண்டு வயலில் பறந்துகொண்டிருந்தாள். நேர் எதிரே மெயின் ரோடு. கும்பகோணம் பஸ்கள் அதில் என்ன வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"வெல்லம்! வெல்லம்!" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன். தூரத்தில் இருந்தவர்கள் யாரோ வெல்லம் விற்க வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நான் துரத்தத் துரத்த அவள் இன்னும் வேகமாக ஓடினாள். மகளிடம் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் மனதில் ஓடியது.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிடைக்காரப் பெண்மணி, முப்பது வயதுதான் இருக்கும். "அண்ணே, ஓடாதீக! மொதல்ல கையில இருக்கறதக் கீழ போடுங்க!"

பார்த்தேன். மண்ணாங்கட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. போட்டேன்.

"அப்படியே குந்துங்க. அதப் பாக்காதீக, இந்தப் பக்கம் திரும்பிக் குந்துங்க."

வேறு சமயமாக இருந்தால் வாத்தியாரையே அதட்டுவதா என்று கோபம் வந்திருக்கும். அன்று வாயைத் திறக்காமல், ரோட்டுக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தேன். அவர் தன் நாயைக் கூப்பிட்டுக் காலடியில் படுக்க வைத்துவிட்டு, எனக்காகப் பார்த்துச் சொன்னார்.

"நின்னுருச்சு. ரோட்டு மேட்டுல நிக்கிது. திரும்பிப் பாக்குது."

பஸ் ஹாரன் கேட்டது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எழப் பார்த்தேன். "அசையாதீகண்ணே!" என்றார். பஸ் இரைந்துகொண்டு போனது. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் ரொம்ப மெதுவாக, "வருது" என்றார்.

முழங்கையில் ஈரமாக மூக்கு பட்டது. பட்டையை மாட்டக்கூடத் தோன்றவில்லை, அப்படியே கட்டிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் வயலில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

"கல்லடி பட்ட நாயாண்ணே?" என்று கேட்டார். தெருவில் கிடைத்தது, காலில் காயம் இருந்தது, வேறொன்றும் தெரியாது என்றேன்.

"எங்க நாயப் பாத்து ஓடலண்ணே. அது ஓடி வந்தப்ப ஒங்க காலோடதான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நீங்க குனிஞ்சு எடுத்தப்புறந்தான் உருவிக்கிட்டு ஓடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதமாகத் தினமும் அவள் முன்னால் குனிந்திருக்கிறேன். குனிந்துவிட்டு, ஏன் பயப்படுகிறாய் என்று அவளையே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்மணிக்கு நன்றிகூடச் சொல்லாமல் வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் தேடிப்போய்ச் சொன்னேன். "இதுக்குப் போயா வந்தீக?" என்று சிரித்தார்.

இப்போது மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான் போடுகிறேன். அவிழ்த்துவிட்ட நாய் வந்தால் நடுவில் நின்று வெல்லத்தை மறைத்துக்கொண்டு, "உங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க, எங்க நாய்தான் பயப்படும், கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்கிறேன். பெரும்பாலும் எழுந்து வந்து பிடித்துக்கொள்கிறார்கள். காலில் முள் குத்தினால்கூட நான் குனிவதில்லை, உட்கார்ந்துதான் எடுக்கிறேன். என் கையைப் பார்த்துப் பயந்து ஓடியவள், பஸ் போகிற ரோட்டு மேட்டிலிருந்து அதே கையைத் தேடித் திரும்பி வந்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.