மணப்பெண் சொல்லிக்கொடுத்த பிங்

என் சித்தி மகளுக்குக் குளச்சலில் கல்யாணம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மாதா கோவிலில் நடக்கும் கல்யாணத்தை அவன் வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கான லினக்ஸ் கம்ப்யூட்டர் கோவிலுக்குள் பாடகர் குழு நிற்கும் மாடியில் இருந்தது. நான் சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தே கவனிப்பவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காலையில் போய் உட்கார்ந்தால் நெட் வருகிறது, போகிறது. கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிந்தது. கட்டளை அடித்துப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டு வேலை செய்தது, ஐபி முகவரியும் இருந்தது. ஆனால் இணைப்பு இருக்கிறதா என்று கேட்கும் பிங்கை ரூட்டருக்கு அனுப்பினால் கொஞ்சம் பதில் வரும், பிறகு நின்றுவிடும். கேபிளை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். பட்டுச்சேலைக்குள் வியர்த்து ஊற்றியது.

அப்போது மணப்பெண்ணே போனில் கூப்பிட்டாள். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் கம்ப்யூட்டர் படித்தவள்.

"எனக்க அண்ணன் கறுப்பு ஸ்கிரீனப் பாத்துட்டு இருக்கான். என்னாச்சுட்டி?"

சொன்னேன். "தலைய ஆட்டாத மக்கா, பூ வைக்கணும்" என்று அவள் பக்கத்தில் யாரோ அதட்டினார்கள்.

"கேபிளப் புடுங்கிட்டு, உனக்க போன்லேந்து கம்ப்யூட்டருக்க ஐபி அட்ரஸுக்குப் பிங் பண்ணிப் பாரு" என்றாள்.

போன் கோவில் வைஃபையில்தான் இருந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், இணைப்பே இல்லாத கம்ப்யூட்டரின் முகவரியிலிருந்து பதில் மளமளவென்று வருகிறது.

"பதில் வருது" என்றேன்.

"அப்போ வேற எதுக்கோ அதே நம்பரு குடுத்திருக்காவ, அதான் நெட்டு வந்து வந்து போகுது. நேத்தைக்குப் புதுசா சிசிடிவி மாட்டுனாவல்லா, அதாத்தான் இருக்கும்."

கம்ப்யூட்டருக்கு யாரும் எடுக்காத வேறொரு எண்ணைக் கொடுத்துக் கேபிளைச் செருகினேன். பிங் நிற்காமல் ஓடியது. திரையில் அண்ணன் வந்தான். கூட்டாளிகள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நடுவில் இவன் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் தலைமுடியை ஒட்டச் சீவி உட்கார்ந்திருந்தான்.

அவசரத்தில் அவன் குரலைக் கோவில் ஸ்பீக்கரிலிருந்து துண்டிக்க மறந்துவிட்டேன். சித்தப்பாவின் கையைப் பிடித்து மணப்பெண் உள்ளே வந்ததும், கோவில் முழுக்க அவன் சத்தம்: "ஏட்டி, மெதுவா நட. நான் நல்லாப் பாக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் நின்று மாடியை நிமிர்ந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பீடத்தருகே நின்ற பாதிரியார் மைக்கைப் பிடித்தார்.

"அண்ணன் சொல்லியாச்சுல்லா, மெதுவாவே வாங்க."