சத்தம் வராத தோட்டா

கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் படிப்பவர்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும்.

என் கணவர் துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் டெக்னீஷியன். தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜின்களைக் கழற்றி மாட்டியவர். இங்கே பிஸ்டல்களைக் கழற்றித் துடைத்து, சோதித்து வைக்கிறார். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு காலிபர் சிறு பிஸ்டல்தான் கொடுப்பார்கள். உதைப்பு அதிகம் கிடையாது, சத்தமும் குறைவு. பழையவை தேய்ந்துபோனதும் மேனேஜர் விலை குறைந்த மாடல் ஒன்றில் பத்து பிஸ்டல்களை வாங்கிவிட்டார்.

"பொம்மை மாதிரி இருக்குட்டி" என்றார் அவர், வந்திறங்கிய அன்று. மேல்பகுதி எஃகு இல்லையாம். ஏதோ துத்தநாகக் கலவை வார்ப்பாம். சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மகளின் கலர் பென்சிலால் ஒரு தோட்டாவை வரைந்து காட்டினார். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இருக்காது. அடிப்பாகத்து விளிம்பைச் சுற்றி உள்ளே லேசாகப் பூசியிருக்கும். பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். ஊசி மழுங்கலாக இருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், 'டிக்' என்று மட்டும் கேட்கும்.

"வெடிக்கலன்னா நல்லதுதானங்க?"

"வெடிக்காம போனா பரவால்ல. கொஞ்சம் பிந்தி வெடிச்சா? அது எப்பவாவதுதான் நடக்கும். ஆனா டிக்குன்னு கேட்டதும் எல்லாரும் பண்ணுதது ஒண்ணுதான். என்னாச்சுன்னு துப்பாக்கிய இந்தப் பக்கம் திருப்பிப் பாப்பாங்க."

டிக் என்று கேட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது எண்ணவேண்டும். அதுதான் விதி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது.

பத்தையும் அவர் சுட்டுப் பார்த்தார். நான்கு அடிக்கடி சிக்கின. மற்றவையும் ஒழுங்கில்லை, ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. மேனேஜரிடம் சொன்னதற்கு, "நயா ஹை பாய், சல் ஜாயேகா" என்றாராம். புதுசுதானே, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அர்த்தம். "கலாஸ், ஸைன் கரோ", பேச்சு முடிந்தது, கையெழுத்துப் போடு என்று தாளை நீட்டியிருக்கிறார். பத்து பிஸ்டல்களின் எண்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் 'பழகுவதற்குத் தகுதியானது' என்ற வாசகம், அதன் பக்கத்தில் அவர் கையெழுத்துக்கான கட்டம். வரும் சனிக்கிழமை குடும்ப தினம். ஊழியர்களின் குடும்பத்தார் முதலில் சுடுவார்கள், அடுத்து உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள், அவர்களுக்குப் பிறகு பிள்ளைகள்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வைத்துத்தான் முடிவெடுப்பது எங்கள் வழக்கம். என் விசாவும் மகளுடைய விசாவும் அவர் வேலையில்தான் தொங்குகிறது. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்காரத் தொடங்கியிருந்தாள். போடாவிட்டால் வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"போட்டுருங்க. நீங்கதான் பக்கத்துலயே நிப்பீங்கள்லா?"

"நீ சொல்லுதியா?"

"சொல்லுதேன்."

பத்து இடத்தில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்து எடுத்துப் போட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை சுடும் கூடத்தின் மூன்றாவது லேனில் நின்றேன். பிஸ்டலை என் கையில் கொடுத்தவர் மேனேஜர். என் கணவர் பின்னால் நின்றார். மகள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மற்ற பெண்களோடு இருந்தாள். நான்கு முறை சுட்டேன். நான்காவது குண்டு வட்டத்துக்குள்ளேயே போனது. நன்றாகச் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஐந்தாவது, டிக்.

அதே நேரம் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். காதுமூடியையும் தாண்டி "மம்மி!" என்று கேட்டது.

அவள் கூப்பிட்டால் நான் தலையை மட்டும் திருப்புகிறவள் இல்லை. சோறு வடிக்கும்போதும், ரோட்டைக் கடக்கும்போதும், உடம்போடு திரும்பிவிடுவேன். நான்கு வருடப் பழக்கம். கையில் இருப்பது என்னவென்று யோசிக்காமல் அன்றும் திரும்பினேன். குழல் பக்கத்து லேனின் தடுப்பை நோக்கிப் பாதி வந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்து முன்னால் தள்ளியது.

"முன்னால பாரு! முன்னால! விரல எடு!"

அதுவரை என்னிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு காதருகே எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு. சத்தமில்லாமல் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். பக்கத்து லேன் பெண் காதுமூடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இருபத்து மூன்று எண்ணும்போது தரை அதிர்ந்தது. வெடித்துவிட்டது என்று நினைத்துக் கத்திவிட்டேன். தூரத்துக் கல்குவாரியில் வெடி வைத்திருக்கிறார்கள். தினமும் எங்கள் ஜன்னலை ஆட்டும் அதே வெடிதான். அவர் நிறுத்தவில்லை. இருபத்து நாலு, இருபத்தஞ்சு.

முப்பது ஆனதும் மற்றத் தோட்டாக்கள் இருந்த மேகசினை உருவி, மேல்பகுதியை இழுத்துத் தோட்டாவைக் கீழே விழவைத்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு தடம், அவ்வளவுதான்.

"லேசா தொட்டிருக்கு" என்றார். நீதானே கையெழுத்துப் போடச் சொன்னாய் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லேன்களை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டு ஆபீசுக்கு நடந்தார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். தாள் மேஜைமேல்தான் இருந்தது.

"பேனா இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

கைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். பின்னாலேயே வந்த மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அரே, ஏக் டிக் ஹுவா, பீவி டர் கயீ!"

ஒரே ஒரு டிக்குக்குப் பெண்டாட்டி பயந்துவிட்டாள் என்கிறார். "ஹாங் ஸர், டர் கயீ" என்றேன். பயந்துதான் போனேன்; அதில் பொய்யில்லை. என் கணவர் பத்துக் கையெழுத்தையும் அடித்தார், இந்த முறை பேனாவை எடுக்காமல், மேலிருந்து கீழே ஒரே கோடாக. அடியில் 'தகுதியில்லை' என்று எழுதித் தேதி போட்டார். நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வேலை போகவில்லை. மறுவாரமே வெளி ரேஞ்சுக்கு மாற்றினார்கள். சுடுவதற்கு இலக்காகப் பறக்கும் களிமண் தட்டுகளை ஏவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி. வெயிலில் நின்றுவிட்டு, இமையெல்லாம் தூசியோடு வருகிறார். நான் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்த வெயில் இருந்திருக்காதோ, அல்லது வேலையே இல்லாமல் போயிருக்குமோ என்று துணி மடிக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

பத்து பிஸ்டல்களும் இப்போது பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. திருப்பி அனுப்பவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "உள்ளுக்குப் புது டெக்னீஷியன் வாரானாம். நாகர்கோவில்காரன்."

"குடும்பத்தோட வாராரா?" என்று கேட்டேன்.

"ஆமா. சின்னப் பிள்ள ஒண்ணு இருக்காம்."

புதிதாக வருகிறவரின் நம்பரை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவியின் நம்பரை. போனில் அந்தத் தாளின் படம் இருக்கிறதா என்று இன்று காலையிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டேன்.