சுப்ரஜா செய்த மேலண்ணம்

மறுபடியும் மாணவியானபோது சுப்ரஜாவுக்கு முப்பத்து நான்கு வயது. பி.டி.எஸ். முடித்த கையோடு கீழ்க்கட்டளையில் ஒரு பல் கிளினிக்கில் சேர்ந்தவள், பல் பிடுங்கியும் சொத்தை அடைத்தும் அங்கேயே வருஷங்களை ஓட்டிவிட்டாள். இடையில் கல்யாணம் ஆனது, மகள் சின்மயி பிறந்தாள், ஃப்ளாட் வாங்கியாயிற்று. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருக்காவது பல் கட்ட வேண்டுமென்றால் கிளினிக்கில் வாயை அளவெடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரோ எங்கோ செய்த பல், டப்பாவில் வந்து இறங்கும். அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இதைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரக்கும்.

நுழைவுத் தேர்வு இரண்டு தடவை காலை வாரிவிட்டு, மூன்றாவது தடவை இடம் கொடுத்தது. எம்.டி.எஸ்., பிராஸ்தோடான்டிக்ஸ். இழந்த பல்லுக்கும் தாடைக்கும் மாற்று செய்து பொருத்தும் படிப்பு. கேள்விப்பட்ட நாத்தனார் சிரித்தாள்.

"கம்பி போடற கோர்ஸ்னாலும் பரவாயில்ல அண்ணி. பல்செட் கட்டறதுக்கா மூணு வருஷம்?"

கணவன் ஷ்யாம்சுந்தர் சிரிக்கவில்லை. அவன் திருமுடிவாக்கத்தில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். "ஒரு பக்கெட் மூடிக்கு அச்சு சரியா வர்றதுக்கே நாங்க தலையால தண்ணி குடிக்கிறோம். இவ மனுஷ வாய்க்குப் பண்ணணும். மூணு வருஷம் பத்துமான்னு கேளு" என்றான்.

கல்லூரி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருந்தது. பல்லாவரத்தில் ரயில் ஏறினால், பெரும்பாலும் அது தாம்பரத்தோடு நின்றுவிடும். இறங்கி செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். முதல் வாரம் மேடம் என்றார்கள், அடுத்த வாரத்திலிருந்து அக்கா. முதல் வருஷம் மெழுகிலும் பிளாஸ்டரிலும் போனது. அவள் செதுக்கிய மெழுகுப் பல்லைப் பேராசிரியை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல் மாதிரி இருக்கு. பல்லா இல்ல" என்று உருக்கச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் தலைமுடியில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். இத்தனைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இரண்டாம் வருஷத்தில் வந்தவர்தான் தபீதாள்.

ஐம்பதைத் தாண்டியவர். கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் பூக்கடை. அந்தத் தெருவிலேயே பெரிய குரல் அவருடையதாம். மேல்தாடையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையில் ஒரு பக்கத் தாடையையும் பாதி அண்ணத்தையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் பெரிய துளை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேசினால் எல்லா எழுத்தும் மூக்கில் புகுந்து 'ம'வாகவும் 'ந'வாகவும் வெளியேறியது.

கணவர் ஏசுபாதம் கூடவே வந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். தபீதாள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் அவரே மொழிபெயர்த்துவிடுவார்.

"வலி இல்லேன்றா டாக்டரம்மா. சோறு எறங்குதாம்."

தபீதாள் அவரை முறைப்பார். சொன்னது அதுவல்ல என்பது சுப்ரஜாவுக்குப் புரியும். சொன்னது என்ன என்பது புரியாது.

துளையை அடைக்கும்படி ஒரு தட்டு செய்ய வேண்டும். ஒரு பக்கம் மிச்சமிருக்கும் பற்களைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் துளைக்குள் குமிழாக ஏறி நிற்கும். சுப்ரஜா ராப்பகலாகப் படித்துவிட்டுத்தான் செய்தாள். பார்க்க அழகாக வந்தது. வாயில் வைத்தபோது கனத்தில் தொங்கியது. தண்ணீர் குடிக்கச் சொன்னாள். இரண்டு மடக்கு இறங்கியது, மூன்றாவது மூக்கில் வந்தது. ஏசுபாதம் தோள் துண்டை எடுத்து மனைவியின் முகத்தைத் துடைத்தார். தபீதாள் தட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்து வரச் சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை. போன் செய்தாள்.

"அவ வரமாட்டேன்னுட்டா டாக்டரம்மா. வுட்டுடுங்க. பேஜாராப் பூட்ச்சி அவளுக்கு" என்றார் ஏசுபாதம்.

சுப்ரஜாவுக்கு அன்று எதிலும் மனம் ஓடவில்லை. மாலை கூடுவாஞ்சேரியில் இறங்கி, பூக்கடையில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். தெருவிலேயே தனியாகத் தெரிந்தது வீடு. சுவர், ஜன்னல், கேட் எல்லாம் புதுப் பெயின்டில் பளீரென்று மஞ்சள்.

அவளைப் பார்த்ததும் தபீதாள் உள்ளே போனார். கோபமாக்கும் என்று சுப்ரஜா தயங்கி நின்றாள். போனவர் புடவை மாற்றிக்கொண்டு, பையும் கையுமாகத் திரும்பி வந்து, போகலாமா என்பதுபோல் வாசலைக் காட்டினார்.

"என்னங்க இது? வரமாட்டேன்னு இவங்க சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?" என்று ஏசுபாதத்தைக் கேட்டாள் சுப்ரஜா.

ஏசுபாதம் தலையைச் சொறிந்தார். "கைய இப்டி இப்டி ஆட்டுனா. வேணான்றான்னு நெனச்சேன்." பிறகு, "இன்னொருவாட்டி தண்ணி மூக்குல வந்தா அவ தாங்கமாட்டா. எனக்கும் பார்க்க முடியல" என்றார்.

சுப்ரஜா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்தத் தடவை வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, சார். ஆனா தப்பு எங்கன்னு எனக்குத் தெரியுது. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

தப்பு இதுதான்: ஆடாமல் அசையாமல் இருந்த வாயை அவள் அளவெடுத்திருந்தாள். மறுநாள் அவசரப்படவில்லை. இளகிய மெழுகைக் குமிழின் மேல் பூசித் தபீதாளின் வாயில் வைத்து, விழுங்கச் சொன்னாள், தலையைத் திருப்பச் சொன்னாள், வாய்க்கு வந்ததைப் பேசச் சொன்னாள். தபீதாள் பேசப் பேச, எங்கே சதை தள்ளுகிறதோ அங்கே மெழுகு நகர்ந்தது. வெளியே எடுத்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். குமிழை இந்த முறை உள்ளே வெறுமையாக, கனமில்லாமல் செய்தாள். பேராசிரியை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். உருக்கச் சொல்லவில்லை.

பொருத்திய அன்று ஏசுபாதம் துண்டைத் தயாராகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தபீதாள் ஒரு மடக்குக் குடித்தார். இன்னொன்று. டம்ளர் காலியாயிற்று. மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், காய்ந்திருந்தது. கண்தான் நனைந்திருந்தது.

"பாப்பான்னு சொல்லுங்கம்மா."

"பாப்பா." சுத்தமாக வந்தது, பெரிதாகவும் வந்தது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தபீதாள் கணவரின் பக்கம் திரும்பினார்.

"யோவ். வூட்டுக்கு இன்னா கலரு அடிக்கச் சொன்னேன் நானு?"

"மஞ்ச."

"பச்ச! பச்சன்னுதான்யா கரடியா கத்துனேன். பச்ச, பச்ச, பச்ச!"

சுப்ரஜாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணம் இல்லாத வாயில் பச்சை மஞ்சளாகத்தான் வெளியே வரும். ஏசுபாதம் கொஞ்ச நேரம் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தாள். தோள் குலுங்கியபோதுதான் சிரிப்பும் சேர்ந்திருப்பது தெரிந்தது.

"அடிச்சிர்லாம்மே. ரெண்டு கோட்டு பச்ச அடிச்சிர்லாம்."

"அதோட, வலி இல்லேன்னு நான் சொல்லவே இல்ல, டாக்டரம்மா. அன்னிலேர்ந்து வலிச்சிகினுதான் கீது" என்று ஆரம்பித்தார் தபீதாள். மாதக்கணக்கில் தேங்கியிருந்ததெல்லாம் வந்தது. அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல் சுப்ரஜா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது அதே பிரிவில் வேலை பார்க்கிறாள். தாடை இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், காது இழந்தவர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். சிலருக்கு முதல் தடவையே சரியாக அமைகிறது, சிலருக்கு இல்லை. சிலிகானில் காது செய்வதுதான் அண்மைக்காலப் பைத்தியம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷ்யாம்சுந்தரைச் சோபாவில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவன் காதைச் சுற்றி அட்டை கட்டி, அச்செடுக்கும் கலவையை ஊற்றி, இறுகும் வரை அசையக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"எந்தக் காதுல பேசட்டும்?" என்றான் அவன், உதடு அசையாமல்.

சின்மயி போனை எடுத்து, "அப்பாவுக்குக் காது செஞ்சிட்டிருக்காங்க. அப்புறம் பண்ணுங்க அங்கிள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சுப்ரஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கலவையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இறுகவில்லை.