கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும்

கல்யாணப் போட்டோ எடுப்பவர் சொன்னபடி மாப்பிள்ளை கேட்பார். குழந்தைக்குப் போட்டோ எடுக்கிற நாங்கள்தான் குழந்தை சொன்னபடி கேட்க வேண்டும்.

புதுக்கடைச் சந்திப்பில், மாடியில், எங்கள் ஸ்டூடியோ. கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து என்று வெளிவேலைக்கெல்லாம் கணவர் போய்விடுவார். கடையில் இருப்பது நான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் வேலை செய்வதால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வெளியில் போட்டோ எடுத்துப் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். பின்னால் வெள்ளை, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வேறு யாருடைய கையும் தெரியக்கூடாது. பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு இதன் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கண் திறந்தால் கூடவே வாயும் திறந்துவிடுகிற வயது அது.

மஸ்கட்டிலிருந்து ஒரு குரல்

அஜிதா ஒருநாள் காலை பத்து மணிக்கு மூன்று மாதப் பெண்குழந்தையோடு வந்தாள். துணைக்கு அவளுடைய தம்பி. குழந்தையின் அப்பாவுக்கு மஸ்கட்டில் கட்டட வேலை. பிள்ளையை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தால் தாயும் பிள்ளையும் அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் கிடத்தினோம், தூங்கியது. தம்பி கை தட்டினான், தூங்கியது. உள்ளங்காலில் ஈரப் பஞ்சை வைத்தேன். காலை இழுத்துக்கொண்டு தூங்கியது. ஒருமுறை விழித்துப் பால் குடித்துவிட்டு, நான் கேமராவைத் தூக்குவதற்குள் மறுபடி தூங்கியது. பன்னிரண்டு மணிக்கு அஜிதாவின் போன் அடித்தது. வேலை இடைவேளையில் அவர் வீடியோவில் வந்திருந்தார். "மக்களே..." என்று அவர் கொஞ்சியதும் குழந்தை பொசுக்கென்று கண்ணைத் திறந்து சத்தம் வந்த பக்கம் பார்த்தது.

போனை வாங்கி லென்ஸுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். "சிரிக்காண்டாம், அசையாண்டாம். பிள்ளைக்க பேரை மட்டும் பைய விளியுங்க" என்று அவரிடம் சொன்னேன். "ஆன்சி... ஆன்சி மோளே..." என்று அவர் விளித்துக்கொண்டே இருந்தார். குழந்தை வாயை மூடிக்கொண்டு, கண் இமைக்காமல், அதிகாரி மாதிரிப் பார்த்தது. மூன்று படம் எடுத்துவிட்டேன். முடிந்தது என்று சொல்லப் போனைத் திருப்பினால், தலையில் ஹெல்மெட்டோடு, முகமெல்லாம் சிமெண்டுத் தூசியோடு, அவரும் அசையாமலே இருந்தார். அப்படியே இருந்தபடி கேட்டார்: "அக்கா, பிள்ளை என்னையா பாக்குது, இல்ல போனையா?"

எவன் எவன்?

தேங்காப்பட்டணத்திலிருந்து ஒரு வாப்பா ஒன்றரை வயது இரட்டைப் பையன்களோடு வந்தார். கூடவே நாலு வயது மகள் நஸ்ரின். உம்மாவுக்குக் காய்ச்சலாம். "அடையாளத்துக்குக் கறுப்புக் கயிறு கட்டி விட்டிருக்கா. கயிறு உள்ளவன் ஹாரிஸ், இல்லாதவன் ஹாஷிம்" என்று மனப்பாடமாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே சட்டை, ஒரே முடிவெட்டு, ஒரே மூக்கொழுகல்.

மூக்கைத் துடைத்து, தலைசீவி, முதலில் யாரை உட்காரவைக்கலாம் என்று பார்த்தால் இரண்டு பேர் கையிலும் கயிறு இல்லை. தேடினோம். கயிறு ஒருவன் வாயில் இருந்தது. ஆனால் அது அவனுடைய கயிறா, மற்றவனிடமிருந்து பறித்த கயிறா என்று யார் சொல்வது? வாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வருஷத்தில் பதினோரு மாதம் வெளிநாட்டில் இருக்கிறவர். பாவம், முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டார். மாத்திரை போட்டுத் தூங்குகிற மனுஷி எடுக்கவில்லை. "பெத்த பிள்ளைய தெரியல்லேன்னு வெளிய சொல்லிராதீங்கோ" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மூலையில் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த நஸ்ரின், "வெரல வாயில குடுத்துப் பாருங்கோ வாப்பா" என்றாள். அவரும் வேறு வழி தெரியாமல் ஒருவன் வாயில் விரலை வைத்தார். அவன் நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அடுத்தவன் வாயில் வைத்தார். "யா அல்லாஹ்!" என்று அவர் குதித்த குதிப்பில் என் லைட் ஸ்டாண்டு ஆடியது. நஸ்ரின் ஜூஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை: "அவன்தான் ஹாரிஸ். பேரு எழுதுங்கோ."

கல் மேல்

மயிலாடியில் சிற்ப வேலை செய்கிறவர் ஒருவர், மனைவியின் ஊரான எங்கள் பக்கத்துக்கு வந்திருந்தபோது இரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார வைப்பார். அவள் இறங்கி ஓடுவாள். திரைக்குப் பின்னால் ஓடினாள், கவுண்டருக்கு அடியில் ஓடினாள், ஒருமுறை படிவரைக்கும் போய்விட்டாள். அந்தத் தடிமனான, உளி பிடித்துக் காய்த்த கைகளுக்கு அவளை அழுத்திப் பிடிக்கத் தைரியம் வரவில்லை. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார், அவள் நழுவினாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த ஸ்டூலில் அவரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "பன்னெண்டு வருஷமா கல்லுல பிள்ளை செதுக்குதேன் அக்கா. ஒண்ணுகூட இப்படி எறங்கி ஓடினதில்ல."

துணிக்குப் பின்னால்

தானாக உட்காரத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி உண்டு. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு காலாக வெள்ளைத் துணியால் மூடி, மடியில் பிள்ளையை வைப்போம். உள்ளேயிருந்து அம்மா பிடித்துக்கொள்வாள். படத்தில் வெள்ளைச் சுவர்முன் பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

குழித்துறையிலிருந்து வந்த பெண் ஒருத்தியோடு ஆறு பேர் வந்திருந்தார்கள். மாமி, நாத்தனார்கள், யாரோ ஒரு சித்தி. படியேறும்போதே அவளுக்கு ஆளாளுக்கு உத்தரவு. பால் கொடுத்தியா, தொப்பியைப் போடு, தொப்பியைக் கழற்று, ஏன் பிள்ளை மெலிஞ்சிருக்கு, நீ சரியாய்ச் சாப்பிடுவதில்லை. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததை நான்தான் கண்ணால் காட்டினேன்.

படம் சீக்கிரமே எடுத்து முடிந்தது. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். எல்லாரும் பிள்ளைக்குப் பின்னாலேயே, படம் பார்க்கக் கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறைக்குப் போனார்கள். நான் துணியை எடுக்கப் போனேன். உள்ளேயிருந்து ஒரு கை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. மயக்கமோ என்று பயந்து குனிந்தேன். மயக்கமில்லை. மெல்லிய குரல் வந்தது: "இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துக்கட்டா அக்கா? இந்தத் துணிக்குள்ள யாரும் என்னை விளிக்கல்ல."

வாத்து

என் கையில் எப்போதும் ஒரு ரப்பர் வாத்து இருக்கும். அமுக்கினால் கீச்சென்று கத்தும். இடது பக்கம் கத்தினால் பிள்ளை இடது பக்கம் பார்க்கும், லென்ஸுக்கு மேலே கத்தினால் நேராகப் பார்க்கும். என் தொழிலே அந்த வாத்துதான்.

முந்திரி ஆலையில் வேலை செய்கிற ஷைனி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போட்டோ வேண்டுமென்று இரண்டரை வயது மகன் ஜோயலைக் கூட்டிவந்தாள். நல்ல சிரிச்ச முகம். ஆனால் வாத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டினால் சிரிக்கிறான்; முதுகுக்குப் பின்னால் கத்த வைத்தால் ஒன்றுமில்லை. நான் பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பவில்லை. சந்தேகத்தில், எதிரில் நின்றபடியே கையை நீட்டி, அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் தட்டைக் கீழே போட்டேன். ஷைனி திடுக்கிட்டாள். அவன் என் பொட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே வாத்தைக் கீழே வைத்தேன். "பிள்ளை பேசுவானா?" என்று கேட்டேன். "ஆம்பிளப் பிள்ளை பேச நேரமாவும்னு மாமி சொல்லிச்சு" என்றாள். "காதுக்கு ஒரு டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. "நீங்க போட்டோ எடுக்கவா கடை வச்சிருக்கிய, வைத்தியம் பாக்கவா?" என்று கேட்டு, படத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்து இறங்கிப் போனாள். வீட்டில் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர். பல நாள் அந்தப் பிள்ளையின் சிரிப்பு என் கண்ணிலேயே நின்றது. நான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஷைனி மறுபடி போட்டோ எடுக்கப் படியேறி வந்தாள். ஜோயலின் இரண்டு காதுக்குப் பின்னாலும் சிறிய மெஷின். நாற்காலியில் உட்கார்ந்து அவளே சொன்னாள். நாலு நாள் என்மேல் கோபமாக இருந்தாளாம். ஐந்தாம் நாள், அவன் அடுக்களை வாசலில் முதுகு காட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று கரண்டியால் பானைமூடியில் அடித்தாளாம். அடிக்க அடிக்கத் திரும்பவில்லையாம். அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்துதான் கரண்டியைப் பிடுங்கினாளாம். பிறகு ஆஸ்பத்திரி, பரிசோதனை, மெஷின். இப்போது வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி. "அம்மான்னு தெளிவா வரல்ல. 'ம்மா' வரைக்கும் வந்தாச்சு" என்றாள்.

நான் வாத்தை எடுத்து அவன் பின்னால் அமுக்கினேன். ஜோயல் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான். கேமராவை அமுக்க மறந்துபோய் நின்றேன். அப்புறம் பழக்கதோஷத்தில், படம் அழகாக இருக்கட்டுமே என்று அவன் முடியைச் சீவி மெஷினை மூடிவிட்டேன். ஷைனி எழுந்து வந்து, முடியைத் தன் விரலால் மெதுவாக ஒதுக்கிவிட்டாள். "மறைக்காண்டாம் அக்கா. ரெண்டு காதும் நல்லா தெரியட்டு, கேட்டியளா."

மூன்றரை மணிக் கஸ்டமர்

கடைசியாக என் கதை. எனக்கும் ஒரு மகள் உண்டு. ஜெனி, யு.கே.ஜி. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் ஒரு கைக்குழந்தையிடம் நான் முக்கால் மணி நேரமாக "தங்கமே, ராசாத்தி, இங்க பாருங்க செல்லம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன். ஜெனி நடுவில் மூன்று தடவை என் சுரிதாரைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குழந்தை போனதும் எரிச்சலையெல்லாம் சேர்த்து இவளிடம் காட்டினேன். "ஏட்டி, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டியா? ஷூவைக் கழத்து, ஹோம்வொர்க்கை எடு." உங்களுக்கும் இந்த வசனம் வரிவரியாகத் தெரிந்திருக்கும்.

அவள் அழவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று நான் எழுவதற்குள் கதவைத் தட்டி, புத்தகப்பையோடு உள்ளே வந்தாள். "அக்கா, எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும்" என்றாள். "களிக்காத ஜெனி, வெளையாட நேரமில்ல" என்றேன். விரலை உயர்த்தி, "நான் இப்ப கஸ்டமராக்கும். கஸ்டமர்கிட்ட சத்தம் போடப்பிடாது" என்றாள்.

என்ன செய்ய? ஸ்டூலில் உட்காரவைத்தேன். லைட்டைப் போட்டேன். "இங்க பாருங்க செல்லம், ஒரு சிரிப்பு" என்றேன். அவள் முகம் முழுக்கச் சிரித்தாள். லென்ஸ் வழியாகப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, கீழ்வரிசையில் ஒரு பால் பல் இல்லை. கேமராவை இறக்கிவிட்டு, "இது எப்ப விழுந்தது?" என்று கேட்டேன். விளையாட்டை விடாமல், கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள்: "நேத்து விழுந்தாச்சு அக்கா. எங்க அம்மாகிட்ட சொன்னேன், அவிய பிஸியாக்கும்."

ஊர்ப் பிள்ளைகளிடம் காட்டுகிற பொறுமையில் பாதியையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்று நினைத்துத்தான் தினமும் கடையைப் பூட்டுகிறேன், மாடிப்படி இறங்குவதற்குள் அது எங்கேயோ விழுந்துவிடுகிறது.