உளுந்து மிதித்த நாள்

போன வாரம் களி கிண்டலாமென்று தோல் உளுந்து வாங்கிவந்து எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டினேன். சடசடவென்று அது விழுந்த சத்தத்துக்கு என் வலது கை தானாகப் போய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த மகள், "என்னம்மா, யாராச்சும் அடிச்சாங்களா?" என்று சிரித்தாள். அடித்தார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரே பகலில் இரண்டு பேரிடம் வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. எந்த சோப்புக்கும் போகாத ஒரு வாடை என் மேலேயே இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள், அது ஒரு வசதி. கூட வேலை பார்த்த பிரபு, சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் ஒருநாள் பைக் ஓட்டிவிட்டு வந்தவன். வந்த நாளிலிருந்து டீ கிளாஸைத் தூக்கினால்கூட வளைவில் சாய்கிற மாதிரி சாய்ந்துதான் தூக்குவான். சிதம்பரத்துக்கு வெளியே புறவழிச்சாலை போட்டு முடித்துத் திறக்காமல் கிடந்தது. அங்கே நாமே அதே மாதிரி ஒருநாள் ரேஸ் ஓட்டம், அவன் பாஷையில் ‘டிராக் டே’, நடத்தலாம் என்று கிளப்பிவிட்டவன் அவன்தான். "சனமே இருக்காது மேடம். பன்னிகூட குறுக்க வராது" என்றான்.

என்னிடம் வண்டி கிடையாது. அண்ணனிடம் இருந்தது. அவன் மதியத்தில் தூங்கும்போது தெருவில் உருட்டி உருட்டித்தான் ஓட்டக் கற்றிருந்தேன். அப்பா போன பிறகு வீடு அவன் கையில். எங்கள் இருவருக்குமே மூக்குக்கு மேல் கோபம்; எனக்கு அது வாயில் வரும், அவனுக்குக் கையில். ஒருமுறை பிடிபட்டபோது அறைந்துவிட்டுச் சொன்னான்: "இன்னொரு வாட்டி வண்டியத் தொட்ட, கைய ஒடச்சிடுவேன். வேலைக்கும் போவ வேணாம், வூட்லயே கெட." சொன்னால் செய்கிறவன். அந்த வேலை போனால் எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் பாருங்கள், பங்குனி மாசத்து ஞாயிறு ஒன்றில் அவன் பாண்டிச்சேரிக்கு நண்பன் கல்யாணத்துக்குப் போனதும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவிட்டேன்.

ரேஸ்காரர்கள் தோலுடை போடுவார்களாம். நான் கம்பெனி சேஃப்டி ஷூவும், ஆசிட் எடுக்கும் முழங்கைவரை நீண்ட ரப்பர் கையுறையும், பிரபுவின் தலை நாற்றம் வீசும் ஹெல்மெட்டும் போட்டிருந்தேன். பிரபுவோடு வந்த கம்பெனிப் பையன்கள் காலி பெயின்ட் டப்பாக்களை வளைவுகளில் வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் பயத்தில் பல் கிட்டித்துக்கொண்டது. அடுத்ததில் பயம் போய்க் கோபம் வந்தது. காற்று நெஞ்சில் குத்தியது. நான் பதிலுக்கு முறுக்கினேன். அண்ணன் அதுவரை அறைந்த அறை எல்லாவற்றையும் ஆக்சிலேட்டரில் காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிரபுவை முந்தும்போது கெட்ட வார்த்தைகூட வந்தது.

சிதம்பரம் பக்கத்தில் உளுந்து பிடுங்கும் பருவம் அது. பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து பருப்பு கொட்டும். காலையில் காலியாக இருந்த ரோட்டில், வண்டிகள் சுற்றுவதைக் கண்டதும் பாவம், நல்லதாகப் போயிற்று என்று கடைசி வளைவுக்கு அப்பால் பரப்பிவிட்டிருக்கிறார்கள். கடலூர் டவுனில் வளர்ந்த எங்களுக்கு இது எங்கே தெரியும்? நான் சாய்ந்து வந்த வேகத்தில் உளுந்து மேல் ஏறினேன். முன்சக்கரம் வழுக்கிக் காணாமல் போயிற்று. வண்டி என் காலை இழுத்துக்கொண்டு போனது, முழங்கை தாரில் தேய்ந்தது, கையுறை கிழிந்து சதையும் கிழிந்தது. செடிக் குவியல் மொத்தமும் பள்ளத்தில் சிதறியது.

எழுந்திருக்கக்கூட இல்லை. முதல் அடி ஹெல்மெட்டில் விழுந்தது. இரண்டாவது முதுகில். செடி புரட்டும் கவட்டைக் கம்போடு ஓர் அக்கா நின்றாள். நாற்பது வயசு இருக்கும், தலையில் துண்டு. "எமனுங்களா, எம்புள்ள இப்பதான்டா அந்த எடத்த வுட்டு நவுந்துச்சு" என்று கத்திக்கொண்டே அடித்தாள். பின்னால் வந்த பெண்ணொருத்தி என் ஹெல்மெட்டைப் பிடுங்க, சடை வெளியே விழுந்தது. "யக்கா, பொட்டப்புள்ளக்கா."

"எதுவா இருந்தா என்ன? உளுந்து போனது போனதுதான்" என்று இன்னொன்று போட்டாள். அப்புறம் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிரபு தூரத்தில் நின்றே என் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டான், புண்ணியவான்.

அண்ணன் பாண்டிச்சேரியிலிருந்து யாரோ ஒருவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மதியத்துக்குள் பறந்து வந்தான். கல்யாணச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் அறைந்தான், சடையைச் சுற்றிப் பிடித்து இழுத்தான், விழுந்ததும் இடுப்பில் உதைத்தான். வாயில் ரத்தம் உப்பாக இறங்கியது. கூட வண்டி ஓட்டிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேய்ந்த அதே கையைப் பிடித்து முறுக்கினான். இன்றைக்கு ஒடித்தே விடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அக்காவின் கம்பு அவன் மணிக்கட்டில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவன் கையை உதறிக்கொண்டு திரும்பினான்.

"எங்க உளுந்து கெட்டுச்சு, நாங்க அடிச்சோம். நீ எதுக்குடா அடிக்கற?"

"என் வண்டிய ஒடச்சிருக்கா."

"அப்ப வண்டிய அடி."

அவன் கையை ஓங்கிக்கொண்டு அவளிடம் போனான். அவள் நகரவில்லை. மறுபடி கம்பு தோளில் இறங்கியது, மறுபடி முழங்காலில். என் அண்ணன், ஊரே பயப்படுகிற ஆள், தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே, "இனிமே அவ வண்டியத் தொட மாட்டா" என்றான், தீர்ப்பு சொல்கிற மாதிரி.

"தொடாம? கெடுத்த உளுந்த யாரு மிதிச்சுக் குடுப்பா, நீயா? ஏறுடி."

பெண்கள் பள்ளத்திலிருந்து செடியை வாரி மறுபடி பரப்பினார்கள். நான் வளைந்துபோன ஹாண்டிலைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி, முதல் கியரில் அதன் மேல் போனேன், வந்தேன், போனேன். முழங்கை எரிந்தது. பொழுது சாயும்வரை மிதித்தேன். அண்ணன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு. கிளம்பும்போது அவன் கையால் ஹாண்டிலைப் பிடிக்க முடியவில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை நான் ஓட்ட, அவன் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அவன் தடுக்கவில்லை, அதற்குப் பிறகு என்மேல் கை வைக்கவும் இல்லை.

இப்போது உளுந்து அடிக்க மெஷின் வந்துவிட்டது. சாலையில் செடியைப் பரப்பினால் கார்க்காரர்கள் கத்துகிறார்கள். அந்த வளைவுக்குப் பக்கத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது. பைக்குகளுக்கு ஓரமாக ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் அங்கே போகும்போதெல்லாம் மெதுவாகப் போகிறேன். என் உடன்பிறந்தவனை எனக்காக அடித்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அவள் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.